ஒரு பாதரசம், மூன்று குணம்



அண்மையில் ஒரே கிழமைக்குள் மூன்று பெண்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூவரும் வேறு வேறு கிராமங்கள். கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத்தான் தெரிந்தன. ஆனால் மறுமொழி தேடிப் போனபோது மூன்றும் ஒரே பொருளின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தின. அந்தப் பொருள் பாதரசம்.

முதலாவது, ஓர் அம்மம்மா. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். ஐந்து வயதுப் பேரன் அம்மம்மாவுடன் இருக்கிறான். முகாமில் இருந்த காலத்தில் கிடைத்த முதலுதவிப் பெட்டி ஒன்றை அவர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்று கிடந்தது. பேரன் அதை எடுத்துக் கடித்து உடைத்துவிட்டான். "உள்ள இருந்த வெள்ளி மணியில ரெண்டு மூண்டை விழுங்கிப் போட்டான் பிள்ளை. இனி அவனுக்கு என்ன நடக்குமோ?" என்று அழுதார்.

இரண்டாவது, ஒரு தாய். கணவனை 2009இல் இழந்தவர். மகளுக்கு இருபத்திரண்டு வயது. கலியாணப் பேச்சு நடக்கிறது. பிள்ளை ஐந்தாறு மாதமாக முகத்துக்கு ஒரு கிறீம் பூசி வருகிறாள். நிறம் மாறியது உண்மைதான். ஆனால் இப்போது காலையில் எழும்பினால் முகம் வீங்கியிருக்கிறது, காலும் வீங்குகிறது. "கிறீமாலயா இருக்கும்? அது வெளியில பூசுறதுதானே, குடிக்கிறதே?" என்று கேட்டார்.

மூன்றாவது, நான்கு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை. மீனில் பாதரசம் இருக்கிறது, வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அதால நான் மீனே தொடுறேல்லை அக்கா" என்றாள். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று அட்டையில் எழுதி விட்டிருக்கிறார்கள். இறைச்சி வாங்க வழியில்லாத வீடு அது. கடற்கரை பக்கத்தில் இருப்பதால் மீன் மட்டும்தான் கைக்கெட்டிய சத்துணவு. அதையும் அவள் விட்டுவிட்டாள்.

நான் இரசாயனம் படித்தவள் அல்ல. ஆனாலும் இந்த மூவருக்கும் சரியான மறுமொழி சொல்லவேண்டும் என்பதற்காகத் தேடி வாசித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அப்போது விளங்கிய ஒன்றைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பாதரசம் என்பது பெயரளவில் ஒன்று. குணத்தில் மூன்று. எந்தப் பாதரசம் என்று தெரியாமல் பயந்தால், பயப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயந்துகொண்டிருப்போம்.

ஒரே பொருள் எப்படி மூன்றாகும்?

நாம் கறிக்குப் போடும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது சோடியம், குளோரின் என்ற இரண்டும் சேர்ந்தது. சோடியம் தனியே இருந்தால் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தீப்பற்றும் உலோகம். குளோரின் தனியே இருந்தால் நச்சு வாயு. இரண்டும் கூடினால் நாம் தினமும் சாப்பிடும் உப்பு. ஆகவே ஒரு மூலகம் தனியே இருக்கிறதா, வேறொன்றுடன் சேர்ந்திருக்கிறதா, எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் அதன் குணம் தங்கியிருக்கிறது.

பாதரசமும் அப்படியே. தனியே இருக்கும்போது அது வெப்பமானிக்குள் ஓடும் வெள்ளி நிறத் திரவ உலோகம். குளோரின், கந்தகம் போன்றவற்றுடன் சேர்ந்தால் உப்புப் போன்ற தூள். இதை அசேதனப் பாதரசம் என்பார்கள். காபனும் ஐதரசனும் கொண்ட மெதயில் என்ற கூட்டத்துடன் சேர்ந்தால் மெதயில் பாதரசம். இது சேதனப் பாதரசம். முதலாவது மூச்சால் வரும் ஆபத்து. இரண்டாவது பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்குவது. மூன்றாவது உணவால் வந்து மூளையைத் தேடிப் போவது.

முதலாம் குணம்: உருளும் உலோகம்

சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் பாதரசம். தண்ணீரை விட 13.6 மடங்கு பாரமானது. உள்ளங்கையில் வைத்தால் உருண்டோடும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் விளையாட ஆசை வருவதில் வியப்பில்லை.

இதை விழுங்கினால் என்ன நடக்கும்? அந்த அம்மம்மா எதிர்பார்க்காத மறுமொழி இதுதான்: பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. உலோகப் பாதரசம் குடலில் உறிஞ்சப்படுவது மிக மிகக் குறைவு. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. விழுங்கிய மணிகள் மலத்துடன் வெளியே போய்விடும். அந்தச் சிறுவனுக்குக் கண்ணாடித் துண்டு கிழித்திருக்கிறதா என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அம்மம்மா கவலைப்படாமல் விட்ட விடயம் ஒன்று இருந்தது. உடைந்த வெப்பமானியில் மிஞ்சியதை அவர் விளக்குமாற்றால் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தார். அன்று மழை. கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு அதே அறையில் பாய் விரித்து இருவரும் படுத்திருக்கிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது. பாதரசம் சும்மா கிடக்கும்போதே மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு இரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் போகும். நிலத்துக்கு அண்மையில் மூச்சு விடும் சிறு பிள்ளைகளுக்குத்தான் இதனால் கூடிய பாதிப்பு. நீண்ட நாள் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி, முரசு வீக்கம் ஆகியவை வரும்.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் நடந்தது இதற்கு உதாரணம். 1980களில் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று அங்கே இயங்கியது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய இரும்புக் கடையொன்றில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துப் போராடியதால் 2001இல் அது மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் தங்கள் உடல்நலப் பாதிப்புக்காகப் பதினைந்து வருடம் வழக்கும் போராட்டமுமாக அலைந்தார்கள். 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பில் கம்பனியுடன் இணக்கம் ஏற்பட்டது.

வெப்பமானியோ பழைய இரத்த அழுத்தக் கருவியோ வீட்டில் உடைந்தால் செய்யவேண்டியவை இவை:

பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். யன்னல் கதவைத் திறந்து விடுங்கள். தாலிக்கொடி, மோதிரம், காப்பு எதுவானாலும் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் நகை வெளுத்துப் பழுதாகிவிடும். விளக்குமாறு எடுக்கவேண்டாம், கூட்டினால் மணிகள் இன்னும் சிறிதாக உடைந்து மூலைமுடுக்கெல்லாம் போகும். இரண்டு மட்டைத் துண்டுகளால் மணிகளை மெதுவாக ஒன்றுசேர்த்து எடுங்கள். சிறு துளிகளை ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் இட்டு இறுக மூடி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஒப்படையுங்கள். நெருப்பில் போடவேண்டாம். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டாம். அறையை நன்றாகக் காற்றோட விடுங்கள்.

ரியூப் லைற், சுருள் மின்குமிழ் உடைந்தாலும் இதே முறைதான். அவற்றில் இருப்பது சில மில்லிகிராம் மட்டுமே என்பதால் பதற்றம் வேண்டாம். சிறிது நேரம் காற்றோட விட்டுப் பிறகு துண்டுகளைப் பொறுக்கினால் போதும்.

இரண்டாம் குணம்: வெள்ளைத் தூள்

பாதரசம் குளோரினுடன் சேர்ந்து உண்டாகும் வெள்ளைத் தூள்களில் ஒன்று கலோமல். ஒரு காலத்தில் இதை மருந்தாகவே கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் பவுடரில் கலோமல் இருந்தது. அதே காலத்தில் குழந்தைகளின் கையும் காலும் சிவந்து தோலுரிந்து, நாள்முழுக்க அழும் ஒரு நோய் அங்கே பரவலாக இருந்தது. காரணம் பல வருடமாகத் தெரியவில்லை. 1950களில் அந்தப் பவுடர்கள் கடையிலிருந்து எடுக்கப்பட்டதும் நோயும் மறைந்துபோனது. பிள்ளையின் வலி தீரட்டும் என்று தாய்மார் தங்கள் கையாலேயே ஊட்டிய நஞ்சு அது.

இன்று இந்த வகைப் பாதரசம் எமது பெண்களிடம் வருவது முகத்தை வெளுக்கச் செய்யும் கிறீம் வழியாக. தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அது உண்டாவதைப் பாதரச உப்புகள் தடுத்துவிடும். அதனால்தான் சில கிழமைகளிலேயே "வேலை செய்கிறது". ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோலினூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரகம் பழுதானால் உடலின் புரதம் சிறுநீரோடு வெளியேறும். சிறுநீர் நுரைத்துப் போகும். முகமும் காலும் வீங்கும். அந்தத் தாய் சொன்ன அறிகுறிகள் இவற்றோடு ஒத்துப்போனதால்தான் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். கிறீம் டப்பாவையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

இந்தக் கிறீம் பூசுகிறவரோடு முடிவதில்லை. துவாய், தலையணை உறை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். கிறீம் பூசிய கன்னத்தோடு குழந்தையைக் கொஞ்சினால் குழந்தைக்கும் போகும்.

எப்படி அடையாளம் காண்பது? சந்தையில் பிடிபட்ட சில கிறீம்களில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் பாதரசம் இருந்திருக்கிறது. இலங்கையிலும் இப்படியானவை அகப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பாதரசம் என்று எழுதியிருக்காது. தயாரித்தவரின் முகவரி இல்லாதது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதது, ஏழு நாளில் வெளுக்கும் என்று சொல்வது, இவற்றைத் தொடவேண்டாம். கலோமல், மேர்கியூரிக், மேர்கியூரியோ என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். வெள்ளி, தங்கம், அலுமினியம், நகை இவற்றில் படாமல் பாவிக்கவும் என்று எழுதியிருந்தால் அதுவும் ஓர் அடையாளம். நகைக்கே ஆகாதது தோலுக்கு ஆகுமா?

கிறீமை நிறுத்தியதும் பலருக்குச் சிறுநீரகம் காலப்போக்கில் தேறிவிடும். ஆனால் சிகிச்சை வைத்தியரின் கையில்தான் இருக்கவேண்டும். "உடம்பைச் சுத்தமாக்கும்" மருந்து என்று வேறொன்றை வாங்கிக் குடிக்கவேண்டாம்.

மூன்றாம் குணம்: சேற்றில் பிறக்கும் நஞ்சு

இனி மூன்றாவதுக்கு வருவோம். இதுதான் மூன்றிலும் மிக மறைவானது.

நிலக்கரி எரிக்கும் புகை, பாதரசம் போட்டுத் தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்கள், எரிமலைகள் ஆகியவற்றிலிருந்து உலோகப் பாதரச ஆவி வானத்துக்குப் போகிறது. அது இலகுவில் கீழே இறங்காது. மாதக் கணக்கில் காற்றில் மிதந்து, ஒரு நாட்டில் கிளம்பியது வேறொரு கண்டத்துக்கே போய்விடும். வானத்தில் இருக்கும்போது மெல்ல மெல்ல உப்பு வடிவத்துக்கு மாறும். அப்படி மாறியதும் நீரில் கரையும். மழையோடு இறங்கும். அதாவது முதலாம் குணம் இரண்டாம் குணமாக மாறி நிலத்துக்கு வருகிறது. கிணற்றடியில் முகம் கழுவும்போது போகும் கிறீமும் இதே வழியில் நீரோடு சேர்கிறது.

குளம், களப்பு, கடலோரம் எங்கும் அடியில் சேறு உண்டு. பாதரசத்தில் பெரும்பங்கு அந்தச் சேற்றில் உள்ள கந்தகத்தோடு இறுகச் சேர்ந்து அசையாமல் கிடக்கும். பூமிக்குள்ளும் பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்த செந்நிறக் கல்லாகத்தான் கிடக்கிறது; சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் சேற்றில் ஒரு சிறு பங்கு தப்பிவிடும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள் அதை எடுத்து மெதயில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. உயிர்களே இந்த மாற்றத்தைச் செய்கின்றன என்பதை 1969இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைச் செய்யவைக்கும் இரண்டு மரபணுக்கள் 2013இல் கண்டுபிடிக்கப்பட்டன. மறுபுறத்தில் சூரிய ஒளியும் வேறு சில பற்றீரியாக்களும் அதை மீண்டும் பிரித்துப் போடுகின்றன. கட்டுவதும் பிரிப்பதும் நீருக்குள் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

மெதயில் பாதரசத்தைத் தின்ற உயிரால் அதை இலகுவில் வெளியேற்ற முடியாது. கண்ணுக்குத் தெரியாத நீர்த் தாவரங்களை நுண்ணுயிர்கள் தின்னும். அவற்றைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடிக்கொண்டே போகும். நீரில் இருந்ததை விடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் பெரிய மீனில் சேர்ந்திருக்கும். அது கொழுப்பில் அல்ல, தசையில்தான் இருக்கிறது. ஆகவே தோலை உரித்தாலும், கழுவினாலும், பொரித்தாலும், புளி விட்டுச் சமைத்தாலும் போகாது.

நாம் அந்த மீனைச் சாப்பிட்டால் அதிலுள்ள மெதயில் பாதரசத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குடலில் உறிஞ்சப்படும். உலோகப் பாதரசத்துக்கு நேர் எதிர். அது மூளைக்கும் போகும், சூல்வித்தகத்தைத் தாண்டிக் கருவுக்கும் போகும். தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு கூட.

மினமாட்டாவின் தாய்மார்

இதை உலகம் கற்றுக்கொண்டது ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள மினமாட்டா என்ற சிறு கரையோர நகரத்தில். அங்கே சிசோ கம்பனியின் தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு என்ற இரசாயனத்தைச் செய்தது. அதற்குப் பாதரச உப்பைப் பாவித்தது. அந்த வேலையின்போது உண்டான மெதயில் பாதரசம் கழிவோடு குடாக்கடலுக்குள் போனது. இங்கே சேற்றுப் பற்றீரியாவுக்குக்கூட வேலை இருக்கவில்லை. நஞ்சு தொழிற்சாலையிலேயே பிறந்துவிட்டது.

முதலில் காகங்கள் விழுந்தன. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்றாடிச் செத்தன. பிறகு மனிதர். கை, கால், வாய் மரத்துப்போனது. கண்பார்வை இருபக்கமும் சுருங்கியது. நடை தள்ளாடியது, பேச்சுக் குளறியது. 1956 மே 1ஆம் திகதி தொழிற்சாலை ஆஸ்பத்திரியின் பணிப்பாளர் ஹொசோகாவா ஹஜிமே இந்த நோயைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார். அப்போது நோயாளிகளாக வந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். 1959இல் அவர் தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனை அதே நோயில் விழுந்தது. கம்பனி அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் என்னை இங்கே நிறுத்தியது வேறொரு விடயம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஏழை மீனவக் குடும்பங்கள். வேறு உணவு வாங்க வழியில்லாததால் மீனை அதிகம் சாப்பிட்டவர்கள். ஊரோ தொழிற்சாலையை நம்பி வாழ்ந்தது. ஆகவே ஊராரின் கோபம் நஞ்சு விட்டவர்மேல் போகாமல் நோயாளிகள்மேல் திரும்பியது. தொற்று நோய் என்று சொல்லி அவர்களை ஒதுக்கினார்கள். பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்று பயந்து நோயை மறைத்த வீடுகள் பல. சகோதரிகளே, துன்பப்பட்டவரே குற்றவாளி போலத் தலைகுனிந்து நடக்கவேண்டி வருவது எப்படியிருக்கும் என்று எம்மில் பலருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அங்கே வேறொரு புதிரும் இருந்தது. சில தாய்மாருக்கு நோய் இலேசாகத்தான் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் நடக்கவோ பேசவோ முடியாதவர்களாக இருந்தார்கள். சூல்வித்தகம் நஞ்சை உள்ளே விடாது என்பதுதான் அன்றைய வைத்திய நம்பிக்கை. தாய்மாரோ தங்கள் உடம்பில் இருந்த நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டது என்றார்கள். ஹரதா மசசுமி என்ற இளம் வைத்தியர் அவர்கள் சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் கேட்டு ஆராய்ந்தார். 1962இல் அது பிறவியிலேயே வந்த மினமாட்டா நோய் என ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஜப்பானியத் தாய்மார் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது வழக்கம். பின்னாளில் அந்தக் காய்ந்த கொடிகளைச் சோதித்தபோது மெதயில் பாதரசம் அவற்றிலேயே இருந்தது. தாய்மார் அன்புக்காக வைத்திருந்தது சாட்சியாக நின்றது.

1973இல் நீதிமன்றம் கம்பனியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நோயாளிகளாக அரசால் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் மட்டும் 2,200 பேருக்கு மேல். ஏற்றுக்கொள்ளப்படாமல் போராடியவர்கள் அதைவிடப் பலமடங்கு.

வாசிக்க முடியாத எழுத்து

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். நிவாரணப் பொருள் வாங்கி வாழ்ந்தவர்கள் அறியவேண்டியது அது. 1971இல் ஈராக்கில் கடும் வரட்சிக்குப் பின் விவசாயிகளுக்கு விதைக் கோதுமை வெளிநாட்டிலிருந்து வந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில் மெதயில் பாதரசம் பூசப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுதியிருந்த மொழிகள் அந்த மக்களுக்கு வாசிக்கத் தெரியாதவை. பல இடங்களுக்கு மூட்டைகள் விதைப்புக் காலம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தன. வீட்டிலோ பசி. நஞ்சு என்று காட்டுவதற்காகப் போட்ட செஞ்சாயத்தைக் கழுவினார்கள். சாயம் போனது, நஞ்சு போகவில்லை. சிலர் முதலில் ஆடு கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். உடனே ஒன்றும் நடக்காததால் ரொட்டி சுட்டார்கள். மெதயில் பாதரசத்தின் வேலை கிழமைக் கணக்கில் கழித்தே தெரியவரும். ஆஸ்பத்திரிகளில் 6,530 பேர் சேர்க்கப்பட்டார்கள். அங்கே 459 பேர் இறந்தார்கள்.

விதை நெல், விதைக் கடலை, விதைச் சோளம் எதுவானாலும் சாயம் பூசி வந்தால் அது சாப்பாட்டுக்கு அல்ல. கழுவினாலும் அல்ல. மூட்டையில் உள்ள எழுத்து விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல, எமக்கு விளங்கும் மொழியில் சொல்வது கொடுப்பவரின் கடமை.

அப்படியென்றால் மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சாப்பிடவேண்டும். எந்த மீன் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2003இல் ஒரு வரம்பு சொன்னது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்குக் கிழமையில் 1.6 மைக்குரோகிராம் மெதயில் பாதரசம். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 80 மைக்குரோகிராம். அமெரிக்க அரசு அளந்த சராசரிப்படி சுறாவிலும் வாள்மீனிலும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் பாதரசம் உண்டு. அப்படியானால் 80 கிராம், அதாவது ஒரு பெரிய துண்டிலேயே கிழமைக்கான வரம்பு முடிந்துவிடும். சூடை, நெத்தலி இன மீன்களிலோ கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கும் குறைவு. வரம்பைத் தொடக் கிழமைக்கு நான்கு கிலோவுக்கு மேல் சாப்பிடவேண்டும். யாரால் முடியும்?

ஆகவே கர்ப்பிணிகளும், பிள்ளைக்கு ஆயத்தமாகிறவர்களும், சிறு பிள்ளைகளும் பெரிய சுறா, தளபத் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்கட்டும். சுறாக் கருவாட்டையும் தவிர்க்கட்டும். நீர் வற்றியதால் அதில் கிராமுக்குக் கிராம் நஞ்சு கூட. மெதயில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் எடுக்கும். எனவே கரு உண்டாவதற்கு முன்பே தவிர்க்கத் தொடங்குவது நல்லது. சூடை, கீரி, நெத்தலி, முரல், திரளி, ஒட்டி, இறால், ரின்மீன் ஆகியவற்றைப் பயமின்றிச் சாப்பிடுங்கள். கருவின் மூளை வளரத் தேவையான கொழுப்பும் புரதமும் அவற்றில் உண்டு. மலிவான மீனே நல்ல மீனாக இருப்பது எமக்குக் கிடைத்த வாய்ப்பு.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று பால்சுறா வறை கொடுப்பது எமது வழக்கம். அதைப் பற்றிப் பல அம்மாமார் கேட்பீர்கள். பால்சுறா சிறிய இனம். பெரிய சுறா அளவுக்கு அதில் நஞ்சு சேர நாளில்லை. தாய்ப்பாலுக்குள் மெதயில் பாதரசம் போவதும் குறைவு. ஆகவே பழைய வழக்கத்தில் ஒருநாள் சமைத்ததற்காக யாரும் கலங்கவேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். ஆனால் கிழமை முழுவதும் சுறாவே கொடுப்பதை விட்டு, சூடைக் கறியும் முருங்கையிலையும் முட்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மினமாட்டாவின் பெயரிலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இரச வெப்பமானிகளின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020உடன் நிற்கவேண்டும் என்பது அதில் ஒன்று. பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதையும் 2025க்குப் பின் செய்யவோ ஏற்றி இறக்கவோ கூடாது என 2023இல் முடிவானது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடைத் தட்டிலிருந்து டப்பா தானாக இறங்காது. அப்படியானதைக் கண்டால் நுகர்வோர் அதிகார சபைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.

மூவரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். அம்மம்மா மூலையில் ஒதுக்கியதைப் போத்தலில் அடைத்துக் கொடுத்துவிட்டார். அறை இப்போது நாள்முழுக்கத் திறந்து கிடக்கிறது. பேரன் துள்ளித் திரிகிறான். அந்த மகளுக்குச் சிறுநீரில் புரதம் இருப்பது தெரியவந்து, கிறீமை நிறுத்திக் கிளினிக்குக்குப் போய் வருகிறாள். வீக்கம் வற்றுகிறது. பழைய நிறமும் திரும்புகிறது. "நிறம் பார்த்து வாற மாப்பிள்ளை வேண்டாம் அக்கா" என்று தாய் என்னிடம் சொன்னார். மகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கர்ப்பிணித் தங்கையின் வீட்டுக்குப் போன அன்று அடுப்பில் சூடைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தந்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் கண்ணாடி வெப்பமானி ஏதும் கிடக்கிறதா என்று இன்றே ஒருமுறை பாருங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.